நூலக வேலையில அக்சஸிபிலிட்டி எண்டா என்ன, அது ஏன் நம்மட வேலை

கேற்றடியில த்ரீவீல் ஒண்டு வந்து நிக்கும். பின் சீற்றுல ஒருத்தர் இருப்பார், இறங்க மாட்டார். அவர்ட மகள், எட்டு வயசுப் புள்ள, கொப்பித்தாள்ல எழுதின துண்டொண்டோட மூணு படி ஏறி உள்ள வருவா. துண்டுல நாலஞ்சு புத்தகத்திட பேர் இருக்கும். நாங்க தேடிக் குடுப்பம், இல்லாட்டி "இது வெளிய போயிட்டுது புள்ள, வேற ஏதும் தரட்டா எண்டு அப்பாட்டக் கேட்டுட்டு வாங்க" எண்டுவம், புள்ள ஓடிப்போய்க் கேட்டு ஓடி வரும். ரெண்டு வருசத்துக்கு மேல இப்பிடித்தான் நடந்தது. அவருக்கு இடுப்புக்குக் கீழ இயக்கம் இல்ல. எங்களுக்கும் மனசுக்குள்ள ஒரு திருப்தி, வர ஏலாத ஒரு வாசகருக்கு ஒழுங்காப் புத்தகம் போய்ச் சேருது எண்டு.

மறுகா ஒரு நாள் படிக்குப் பக்கத்துல சாய்தளம் கட்டி முடிஞ்சு அவர் வீல்செயார்ல முதல் தடவையா உள்ள வந்தார். அவர் எடுத்ததெல்லாம் நாவல் தானே, நேர நாவல் பக்கம் தான் போவார் எண்டு நான் அந்த இறாக்கைக்குப் பக்கத்துல போய் நிண்டுகொண்டன். அவர் அங்க வரவே இல்ல. ஒவ்வொரு இறாக்கையா, புத்தகத்திட முதுகுல இருக்கிற பேர மெல்ல மெல்ல வாசிச்சுக்கொண்டு போய் 636.5 எண்ட வகுப்பிலக்கம் போட்ட புத்தகங்களுக்கு முன்னால நிண்டுட்டார். கோழி வளர்ப்பு. "இதெல்லாம் இஞ்ச இருக்கா தங்கச்சி" எண்டு கேட்டார். வீட்டுல முட்டைக் கோழி வளத்து அந்த வருமானத்துல குடும்பம் நடத்துற மனிசன் ரெண்டு வருசமா நம்மட்ட நாவல் எடுத்ததுக்கு ஒரே காரணம், துண்டுல எழுதுறதுக்குப் புத்தகத்திட பேர் தெரியணும், அவருக்குப் பேர் தெரிஞ்சது நாவல் மட்டும் தான். இறாக்கைக்கு முன்னால நிண்டு பாக்கிற ஆளுக்குத்தானே தனக்குத் தெரியாத புத்தகம் கண்ணுல படும்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்துல ஒரு பிரதேச சபைக்குக் கீழ இருக்கிற நூலகத்துல உதவியாளரா வேலை செய்யுறன். புதுசா வேலைக்கும் பயிற்சிக்கும் வாற தம்பி தங்கச்சிமார் எப்பவும் கேக்கிற கேள்வி ஒண்டு, "அக்சஸிபிலிட்டி எண்டா வீல்செயாருக்குப் பாதை போடுறது தானே அக்கா, அது சபை செய்யுற வேலை தானே, நாம என்ன செய்யுற?" எண்டு. அதுக்குப் பதில் சொல்லத்தான் இத எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும்.

அக்சஸிபிலிட்டிய தமிழ்ல அணுகுவசதி எண்டு சொல்லுவம். ஒரு ஆள் தன்ட உடம்பு எப்பிடி இருக்குதோ அப்பிடியே வந்து, மத்த ஆக்கள் செய்யுற அதே காரியத்த தானாகவே செய்யக்கூடிய மாதிரி இடத்தையும் பொருளையும் வேலை முறையையும் வெச்சிருக்கிறது தான் அணுகுவசதி. இதுல "தானாகவே" எண்ட சொல்ல நல்லாக் கவனிக்கணும். மகள் துண்டு கொண்டு வந்தது உதவி. நல்ல உதவி தான், ஆனா அணுகுவசதி இல்ல. உதவியில அடுத்த ஆள்ட நேரத்துக்கும் மனநிலைக்கும் ஏத்த மாதிரித்தான் நீங்க வாசிக்க ஏலும், மகளுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை எண்டா அப்பாக்குப் புத்தகம் இல்ல. அதோட சில புத்தகத்திட பேர மகள்ட்டச் சொல்லி எடுத்துட்டு வரச் சொல்லவும் ஏலாது. உடம்பு வருத்தம் பத்தி, மனக்கவலை பத்தி, கடன் பத்தி, சட்டம் பத்தி ஒரு மனிசன் தனியா வாசிக்க விரும்புற விசயம் எவ்வளவு இருக்கு.

முந்தி ஆக்கள் நினைச்சது குறை அந்த ஆள்ட கால்ல இருக்கு, கண்ணுல இருக்கு எண்டு. இப்ப உலகம் முழுக்க ஏத்துக்கொண்ட பார்வை என்னெண்டா, அந்த ஆளுக்கும் நாம கட்டி வெச்சிருக்கிற இடத்துக்கும் நடுவுல தான் தடை இருக்கு. அவர்ட கால் ரெண்டு வருசமா மாறவே இல்ல, படி மாறினதும் அவர் உள்ள வந்துட்டார்.

எத்தனை பேருக்கு இது தேவை? 2012 சனத்தொகைக் கணக்கெடுப்புல, நாட்டுல 5 வயசுக்கும் அதுக்கு மேலயும் உள்ள ஆக்கள்ல 8.7 வீதம் பேருக்கு, அதாவது 16 இலட்சத்துக்கு மேல, பாக்கிறது, கேக்கிறது, நடக்கிறது, ஞாபகம் வெச்சிருக்கிறது இப்பிடி ஏதோ ஒண்டுல கஷ்டம் இருக்கு எண்டு வந்தது, அதுலயும் பாக்கிறதுல கஷ்டம் தான் ஆகக் கூட. நம்மட பக்கத்துல யுத்தம் நடந்தது, 2004 சுனாமி வந்தது, கால் இழந்த கை இழந்த ஆக்கள் இல்லாத ஊர் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கால இருக்கிற எழுவான்கரையிலயும் இல்ல, மேற்கால இருக்கிற படுவான்கரையிலயும் இல்ல. அதுக்கு மேல சீனி வருத்தம். நூலகத்துல காலையில பேப்பர் மேசையில வந்து இருக்கிற ஐயாமாரப் பாருங்க, ரெண்டு மூணு வருசத்துக்கு முதல் பேப்பர எட்டப் பிடிச்சு வாசிச்சவர் இப்ப மூக்கோட முட்டுற மாதிரி வெச்சிருப்பார், இன்னும் கொஞ்ச நாள்ல வரமாட்டார். ஏன் வரல்ல எண்டு நாங்களும் கேக்கிறல்ல. வருத்தமாக்கும், வயசு போயிட்டுதாக்கும் எண்டு விட்டுடுறம். அவர் வாசிப்ப விடல்ல, எழுத்து தான் அவருக்கு எட்டாமப் போச்சு.

நூலகம் படிக்கிற எல்லாரும் முதல்ல படிக்கிறது எஸ். ஆர். ரங்கநாதன்ட அஞ்சு விதி. சீர்காழியில பிறந்தவர், கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல சென்னைப் பல்கலைக்கழகத்திட முதலாவது நூலகரானவர், அந்த விதிகள 1931ல புத்தகமா வெளியிட்டார். (நம்மட காரைதீவுல விபுலானந்த அடிகள் பிறந்ததும் ரங்கநாதன் பிறந்த அதே 1892ல தான், அத எப்ப நினைச்சாலும் எனக்கொரு சந்தோசம்.) புத்தகம் பயன்படுத்துறதுக்கு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்குரிய வாசகர், வாசகர்ட நேரத்த மிச்சம் பிடி, நூலகம் வளருற உயிர். இந்த அஞ்சையும் பாடமாக்கி பரீட்சை எழுதி வேலைக்கு வந்த நாம அந்தக் கோழிப் புத்தகத்த அதுட வாசகருக்கு ரெண்டு வருசமாக் காட்டவே இல்ல. "ஒவ்வொரு வாசகருக்கும்" எண்டு எழுதின மனிசன், படி ஏற ஏலுமான ஒவ்வொரு வாசகருக்கும் எண்டு எழுதல்ல. அதனால அணுகுவசதி எண்டுறது நூலக வேலைக்கு மேலதிகமா வந்து சேர்ந்த ஒண்டு இல்ல, நூலக வேலையே அதுதான்.

சட்டத்தையும் சொல்லிட்டுப் போறன். 1996ம் ஆண்டின் 28ம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகள்ட உரிமையப் பாதுகாக்கிறதுக்கு வந்தது, 2006ல பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தது, 2016 பெப்ரவரியில ஐ.நா.வுட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்த இலங்கை ஏத்துக்கொண்டது. அந்தச் சமவாயத்திட 30ம் உறுப்புரையில நாடக அரங்கு, அருங்காட்சியகம், சினிமா எண்டு சொல்லிக்கொண்டு போற இடத்துல நூலகம் எண்ட சொல்லும் பேரோட இருக்கு. சபையில கூட்டத்துல கதைக்கக்குள்ள இதச் சொல்லுங்க, "பாவம், ஏதும் செஞ்சு குடுப்பம்" எண்டு கதைக்கிறதுக்கும் "இது அவங்கட உரிமை" எண்டு கதைக்கிறதுக்கும் கிடைக்கிற பதில் வேற.

சரி, கட்டடம். சாய்தளத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, 1க்கு 12. ஒரு அங்குலம் உயரத்துக்கு பன்னெண்டு அங்குலம் நீளம். நம்மட நூலகத்துல மூணு படி, படி ஒண்டு ஆறு அங்குலம், மொத்தம் 18 அங்குல உயரம், அப்ப சாய்தளம் 18 அடி நீளம் வேணும். மேசனுக்கு இத யாரும் சொல்லாட்டி அவர் படிக்கு மேலயே நாலஞ்சு அடியில சீமெந்தக் கொட்டி சறுக்குப் பலகை மாதிரி ஒண்டு செஞ்சுட்டுப் போயிடுவார், அது மோட்டார் சைக்கிள் ஏத்துறதுக்குச் சரி, தன்ட கையால சில்லு உருட்டி வாறவர் அதுல ஏறவும் ஏலாது, இறங்கக்குள்ள முகம் குப்புற விழுவார். இடம் இல்லாட்டி நடுவுல சமதளம் ஒண்டு வெச்சு திருப்பிக் கட்டலாம். வாசல் சீமெந்து மழுமழுப்பா இருக்கக் கூடாது, மாரி மழையில நம்மட ஊர்ல வாசல் எப்பிடி இருக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல.

கட்டுறது சபை தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா உள்ள வந்த பிறகு? இறாக்கைக்கு இடையில மூணு அடி இடைவெளி வேணும், சில்லுக் கதிரை முழுசாத் திரும்ப அஞ்சு அடி வட்டம் வேணும். அந்த இடத்துல தான் நாங்க பழைய பேப்பர்க் கட்டு, உடைஞ்ச கதிரை, ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குக் கட்டின பெனர் எல்லாத்தையும் கொண்டு போய் வெக்கிற. கதிரையில இருந்து கை எட்டுறது நிலத்துல இருந்து ஒரு நாலு அடி வரைக்கும் தான், அதுக்கு மேல் தட்டுல இருக்கிற புத்தகம் அவருக்கு இல்லாத புத்தகம். எல்லாத்தையும் கீழ வெக்க ஏலாது, சரி, ஆனா புதுசா வந்த புத்தகத்தையும் அடிக்கடி எடுக்கிற புத்தகத்தையும் நடுத்தட்டுல வெக்கிறதுக்கு எந்தச் சபையிட அனுமதியும் தேவையில்ல, காசும் தேவையில்ல. வெள்ளைப் பிரம்போட வாற ஆளுக்கு இன்னொண்டு முக்கியம், சாமான வெச்ச இடத்துல வெக்கணும். அவர் நூலகத்த காலாலயும் பிரம்பாலயும் பாடமாக்கி வெச்சிருப்பார், நீங்க ஒரு நாள் மேசைய இடம் மாத்தினா அவருக்கு அது புது ஊர்.

இப்ப நான் ஆக முக்கியமா நினைக்கிற விசயத்துக்கு வாறன், அது கொம்பியூட்டர்ல நாம டைப் பண்ணுற எழுத்து.

உயர்தரத்துக்குப் படிக்கிற தம்பி ஒருத்தர், ரெண்டு கண்ணும் தெரியாது, தமிழ்ப் பாடக்குறிப்பு கேட்டு வந்தார். எங்கட கொம்பியூட்டர்ல ஆரோ டைப் பண்ணின நல்ல குறிப்பு ஒண்டு இருந்தது. என்விடிஏ எண்டு ஒரு மென்பொருள் இருக்கு, 2006ல அவுஸ்திரேலியாவில பார்வை இல்லாத ரெண்டு பேர் சேர்ந்து தொடங்கினது, முழுக்க இலவசம், திரையில இருக்கிறத குரலா வாசிச்சுக் காட்டும், தமிழும் வாசிக்கும். அதப் போட்டு ஃபைலத் திறந்து ஹெட்போனக் குடுத்தன். தம்பி கொஞ்ச நேரம் கேட்டுட்டு ஒண்டும் சொல்லாம ஹெட்போன ஒரு பக்கத்தால கழட்டி என்ட பக்கம் நீட்டினார். காதுல வெச்சுப் பாத்தன். "எம் கே செமிகோலன் கே எச்." திரையில எனக்கு முன்னால வடிவா "அம்மா" எண்டு எழுதியிருக்கு.

ஏன் அப்பிடி? அந்தக் குறிப்பு பாமினி எழுத்துருவில டைப் பண்ணினது. நம்மட நாட்டுல கச்சேரி எண்டுற அரசாங்க அலுவலகத்துல இருந்து கல்யாணக் கார்ட் அடிக்கிற அச்சகம் வரைக்கும் பாமினி தான் கனகாலம் ஓடினது, இப்பவும் ஓடுது. பாமினியில கொம்பியூட்டருக்குள்ள சேமிக்கப்படுறது இங்கிலிஷ் எழுத்து, கண்ணுக்கு மட்டும் அதுக்கு மேல தமிழ் உருவம் வரைஞ்சு காட்டும். எம் எண்ட எழுத்து இருக்கிற இடத்துல அ வரைஞ்சு காட்டும், கே இருக்கிற இடத்துல ம, செமிகோலன் இருக்கிற இடத்துல புள்ளி, எச் இருக்கிற இடத்துல அரவு (ா). கண் இருக்கிற ஆளுக்கு அது அம்மா, குரல் வாசிப்பானுக்கு அது எம் கே செமிகோலன் கே எச். யுனிகோட்டுல அப்பிடி இல்ல, அ-வுக்கு எண்டு உலகம் முழுக்க ஒரே ஒரு எண் இருக்கு, எந்தக் கொம்பியூட்டரும் எந்தப் போனும் அத அ எண்டுதான் எடுக்கும். பாமினியில இருந்து யுனிகோட்டுக்கு மாத்திக் குடுக்கிற பக்கங்கள் இணையத்துல இலவசமா இருக்கு. அந்தக் குறிப்ப அதுல போட்டு எடுத்து, திரும்ப ஹெட்போனக் குடுத்து, முழுசும் செஞ்சு முடிய கால் மணித்தியாலம் கூடப் போகல்ல. அந்தக் கால் மணித்தியால வேலைய அதுக்கு முதல் ஆரும் செய்யாததால எத்தனை புள்ளைகள் வந்து கேட்டுட்டு வெறுங்கையோட போயிருப்பாங்க எண்டு யோசிச்சு எனக்கு அண்டைக்கு ராவு நித்திரை வரல்ல.

பாருங்க, அந்தத் தடைய சபையும் கட்டல்ல, மேசனும் கட்டல்ல. மேசையில இருந்து டைப் பண்ணுற நம்மளப் போல ஆக்கள்ட கையால வந்த தடை அது. இதுல கண் தெரிஞ்ச ஆளுக்கும் நட்டம் தான், பாமினியில புத்தகப் பட்டியல் அடிச்சு வெச்சா தமிழ்ப் பேர் போட்டுத் தேடினா ஒண்டும் வராது.

அடுத்தது ஸ்கேன். புத்தகத்த ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கினா அது புத்தகத்திட ஃபோட்டோ, எழுத்து இல்ல. குரல் வாசிப்பான் அதத் திறந்து பேசாம இருக்கும். "நூலகம்" எண்டு பேர் வெச்ச நிறுவனம் ஒண்டு 2005ல இருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் பண்ணி இணையத்துல எல்லாருக்கும் திறந்து வெச்சிருக்கு, அது இல்லாட்டி எத்தனையோ நூல் அழிஞ்சே போயிருக்கும். அப்பிடிக் காப்பாத்தின பக்கம் பேசுறதுக்கு அடுத்த படி ஒண்டு தேவை, அதுதான் ஓசிஆர், ஃபோட்டோவில இருக்கிற எழுத்த உண்மையான எழுத்தா மாத்துறது. கூகுள் ட்ரைவ்ல பிடிஎஃப்ப ஏத்தி கூகுள் டொக்ஸ்ல திறந்தா தமிழ் எழுத்தா வரும், நல்ல தெளிவான ஸ்கேன் எண்டா பெரும்பாலும் சரியாவே வரும். ஆனா ர-வும் கால் போடுற அரவும் பாக்க ஒரே மாதிரித்தானே, மாத்திப் போட்டுடும். ரெட்டைச் சுழி ன-வும் மூணு சுழி ண-வும் மாறும். ஆரும் ஒருத்தர் இருந்து திருத்தணும். ஸ்கேன் பண்ணக்குள்ள பக்கம் கோணலாப் போகாம, நடு மடிப்புல எழுத்து விழுங்குப்படாம எடுத்தாலே அரைவாசித் திருத்தம் குறையும். அதனால ஸ்கேன் பண்ணுற தம்பிமாருக்கு நான் சொல்லுறது, இத ஒரு ஆள் காதால வாசிக்கப் போறார் எண்டு நினைச்சுக்கொண்டு பக்கத்த அமத்திப் பிடிங்க.

ஃபேஸ்புக்ல நூலக அறிவித்தல் போடக்குள்ளயும் இதே விசயம் தான், போஸ்டர மட்டும் படமாப் போட்டா பார்வை இல்லாத வாசகர்ட போன் அத முழுசா வாசிக்கும் எண்டு நம்பி இருக்க ஏலாது. திகதி, நேரம், இடத்த கீழ எழுத்தாவும் ரெண்டு வரி போட்டா முடிஞ்சுது.

பிரெயில் பத்தியும் கேப்பீங்க. ஆறு புள்ளிய வெச்சு விரலால வாசிக்கிற முறை, லூயி பிரெயில் எண்ட பிரான்ஸ்காரர் சின்ன வயசுல உருவாக்கினது. தமிழுக்குப் பாவிக்கிறது பாரதி பிரெயில், அதுல அ-வுக்கு 1ம் புள்ளி, க-வுக்கு 1ம் 3ம் புள்ளி. எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்டு, அச்சுல "கொ" எழுதினா கொம்பு முன்னாலயும் அரவு பின்னாலயும் வந்து க நடுவுல மாட்டிக்கொள்ளும், பிரெயில்ல அப்பிடி இல்ல, க, அதுக்குப் பிறகு ஒ, வாய் சொல்லுற ஒழுங்குலயே வரும். ஒரு பிரெயில் தாள்ல சுமார் 25 வரி, வரிக்கு 40 கட்டம், அவ்வளவு தான், அதனால நம்மட கைக்கு அடக்கமான ஒரு நாவல் பிரெயில்ல அஞ்சாறு பெரிய பாகமாப் போயிடும். உங்கட நூலகத்துல பிரெயில் நூல் இருந்தா ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்காதீங்க, நிமித்தி வைங்க, பாரம் ஏறினா புள்ளி அமுங்கி எழுத்து செத்துப் போயிடும். அதோட, பார்வை இல்லாத எல்லாருக்கும் பிரெயில் தெரியும் எண்டு நினைக்கவும் கூடாது. அறுபது வயசுல சீனியால கண் போன ஐயா அதுக்குப் பிறகு விரலால படிக்கிறது சரியான கஷ்டம், அவருக்குத் தேவை குரல் புத்தகம், இல்லாட்டி பெரிய எழுத்து.

இப்பிடி மாத்தி எடுக்கிறது காப்புரிமைக்குப் பிழை இல்லையா எண்டு கேக்கிற ஆக்கள் இருக்காங்க, நியாயமான கேள்வி. இதுக்காகத்தான் 2013 ஜூன்ல மொரோக்கோவில மராக்கேஷ் ஒப்பந்தம் எழுதினாங்க, 2016 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்தது, அடுத்த மாதமே இலங்கையும் சேர்ந்துகொண்டது. உலகத்துல வெளிவாற புத்தகத்துல பார்வை இல்லாதவங்க வாசிக்கக்கூடிய வடிவத்துல வாறது சரியான கொஞ்சம், அந்த நிலைக்கு அவங்கட அமைப்புகள் வெச்ச பேர் புத்தகப் பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்குப் பதிலா, அச்சு வாசிக்க ஏலாத ஆக்களுக்காக லாப நோக்கில்லாம பிரெயில், குரல், எழுத்துக்கோப்பு எண்டு மாத்தி எடுக்கவும் நாடு விட்டு நாடு பரிமாறவும் சட்டத்துல இடம் குடுங்க எண்டு ஒப்பந்தம் நாடுகளக் கேக்குது. இதுல பலருக்குத் தெரியாத விசயம், கண் தெரியாத ஆள் மட்டும் இல்ல, புத்தகத்தப் பிடிச்சுத் தாள் புரட்ட ஏலாத ஆளும் இதுக்குள்ள வருவார். ரெண்டு கையும் இழந்த ஒருத்தர நீங்க உங்கட ஊர்ல கண்டிருந்தா இந்த வரியிட அருமை விளங்கும்.

காது கேக்காத ஆக்களப் பத்தி நூலகத்துல ஆரும் கதைக்கிறல்ல, கண் தெரியுது தானே, வாசிக்கலாம் தானே எண்ட நினைப்பு. பிறப்புல இருந்து கேக்காத ஒரு புள்ளைக்கு முதல் மொழி சைகை மொழி. நமக்குத் தமிழ் காதால உள்ள போனது, அதுக்குப் பிறகு எழுத்தப் படிச்சம். அந்தப் புள்ளைக்கு எழுத்துத் தமிழ் ரெண்டாவது மொழி மாதிரி, நீட்டு வசனம் கஷ்டம், படம் கூடின நூல், சின்ன வசனத்துல எழுதின நூல் தேவை. அதச் சின்னப் புள்ளைப் புத்தகம் எண்டு சொல்லிக் குடுக்காதீங்க. கவுண்டர்ல ஒரு கொப்பியும் பேனையும் எப்பவும் இருக்கட்டும். அவங்களுக்கு முகத்தப் பாத்துக் கதைங்க, யன்னல் வெளிச்சம் உங்கட முதுகுக்குப் பின்னால இருந்தா உங்கட வாய் அவங்களுக்கு இருட்டு.

ஓட்டிசம் உள்ள புள்ளையோட வாற அம்மா ஒராள், புள்ள சத்தம் போட்டதும் நாங்க வாயத் திறக்க முதலே "சொறி மிஸ், போறம்" எண்டு பைய எடுத்துக்கொண்டா. "அமைதி காக்கவும்" எண்ட பலகைய அவ வாசிச்சிருக்கா. இப்ப சிறுவர் பகுதியில ஆக்கள் குறைஞ்ச நேரம் எது எண்டு அவட்டச் சொல்லியிருக்கம், அந்த நேரம் ஃபேனையும் மெல்லமா வெச்சுடுவம், புள்ள ஒரே புத்தகத்தத்தான் ஒவ்வொரு கிழமையும் எடுக்கும், எடுக்கட்டும்.

எல்லாத்தையும் விடப் பெரிய தடை நம்மட வாய். ஒரு அண்ணன் மனிசியோட வந்தார், அவருக்குப் பார்வை இல்ல. கவுண்டர்ல இருந்த எங்கட ஆள் மனிசியப் பாத்து "அவருக்கு என்ன புத்தகம் வேணும்?" எண்டு கேட்டார். அண்ணன் ஒரு அடி தூரத்துல நிக்கிறார், பட்டதாரி, கதை நல்லாக் கேக்கும். மனிசி ஒண்டும் சொல்லல்ல. அண்ணன் தான் சொன்னார், "என்னட்டக் கேளுங்க தம்பி" எண்டு. ஆரோட வந்தாலும் வாசகரோட கதைங்க. கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகாதீங்க, "என்ட கையப் பிடிக்கிறீங்களா அண்ணன்" எண்டு கேளுங்க, வேணுமெண்டா அவர் உங்கட முழங்கையப் பிடிச்சுக்கொண்டு வருவார். கேக்காமலே வீல்செயாரத் தள்ளாதீங்க, அது அவர்ட உடம்பு மாதிரி. அங்கத்துவப் படிவத்துல கையெழுத்துப் போட ஏலாட்டி விரலடையாளம் எடுங்க, ஆனா மத்த ஆக்கள்ட்ட ஒரு பிணைகாரர் கேட்டா அவர்ட்டயும் ஒராள் தான் கேக்கணும், "பாதுகாப்புக்கு" எண்டு சொல்லி ரெண்டு ஆள் கேக்கிறது நான் கண்ணால கண்ட விசயம், அது அநியாயம்.

காசு இல்லாத சின்ன நூலகம் எங்க தொடங்குற எண்டா, முதல்ல வராத ஆக்களத் தேடிப் போய்க் கேளுங்க. கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தருக்கும் ஆர் ஆர் எங்க இருக்காங்க எண்டு தெரியும். மண்டூர்ப் பக்கத்துல இருந்து பாதையில (வாவியக் கடக்கிற மிதவைப் படகுல) ஏறி, மறுகா பஸ் பிடிச்சு, அந்த பஸ் மிதிபலகையில பொய்க்கால வெச்சு ஏறி ஒரு மனிசன் புத்தகம் மாத்த வாறது எவ்வளவு பாடு எண்டு, நாம ஒரு தடவை அந்த வழியில போய் வந்தாத்தான் விளங்கும். அப்பிடியான ஆளுக்கு ரெண்டு கிழமைத் தவணை போதாது, தவணைய நீட்டிக் குடுக்கிறதுக்கு ஒரு சீலும் ஒரு பேனையும் போதும். நடமாடும் சேவை நடக்கிற நாளுல பெட்டியில புத்தகம் கொண்டு போக ஏலும். கொண்டு போகக்குள்ள பேர் கேட்ட புத்தகம் ரெண்டோட கேக்காத புத்தகம் எட்டு சேத்துக் கொண்டு போங்க, அவர் தெரிவு செய்யட்டும்.

அந்த உயர்தரத் தம்பி இப்ப நாங்க ஓசிஆர் போட்டு எடுக்கிற பக்கங்கள காதால கேட்டுப் பிழை சொல்லுறார், கண்ணால வாசிக்கிற எங்களுக்குத் தப்பிப் போற பிழை அவருக்கு உடனே பிடிபடுது. அவர் சொல்லித்தான் ஒரு விசயம் விளங்கினது, மட்டக்களப்பு, அம்பாறை எழுத்தாளர்கள்ட புத்தகம் தான் அவருக்கு ஆகக் கஷ்டமாக் கிடைக்குது. நம்மட எழுத்தாளர்மார் நூல் வெளியீடு வெச்சா நூலகத்துக்கு ரெண்டு பிரதி கொண்டு வந்து தாறது வழமை தானே. அப்ப கையோட கேளுங்க, "ஐயா, அச்சுக்குக் குடுத்த டைப் ஃபைலையும் தாங்க, பார்வை இல்லாத வாசகருக்குக் குடுக்க உங்கட சம்மதத்த ஒரு தாள்ல எழுதித் தாங்க" எண்டு. இதுவரைக்கும் நான் கேட்ட ஒருத்தரும் மறுக்கல்ல, ஒரு ஐயா பென்ட்ரைவக் கழுத்துல இருந்து கழட்டி அப்பிடியே தந்துட்டுப் போனார். ஃபைல் கைக்கு வந்ததும் அண்டைக்கே திறந்து பாருங்க, யுனிகோட்டா பாமினியா எண்டு.